40 மில்லியனிலிருந்து 3 மில்லியனுக்கு: டிஐ பட்டத்தின் மதிப்பு குறைந்துவிட்டதா?

கேள்வி: வரவுசெலவு

என் வேலை கணக்கு எழுதுவது. டோட்டா என்கிற வீடியோ கேம் ஆடத் தெரியாது, அணிக்கு ஐந்து பேர் ஆடுவது. தம்பி பல வருஷமாக ஆடுகிறான், ஆடுவதைவிட அதிகமாகப் பார்க்கிறான். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து, யார் எந்தப் பக்கம், யார் ஜெயிக்கிற நிலையில் இருக்கிறார்கள் என்கிற அளவுக்கு எனக்கும் புரியும். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

போன வாரம் ஒரு சண்டை. இ-ஸ்போர்ட்ஸ், அதாவது வீடியோ கேம் போட்டி உலகத்திலேயே பெரிய பட்டம் டோட்டாவின் தி இன்டர்நேஷனல்தான், சுருக்கமாக டிஐ, என்றான். நான் சும்மா இருந்திருக்கலாம். பரிசுத்தொகையைத் தேடிப் பார்த்தேன். 2021-இல் 40 மில்லியன் டாலர். 2023-இல் 3 மில்லியனுக்குக் கொஞ்சம் மேல். 2024-இல் 3 மில்லியன்கூட இல்லை. "பதின்மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனதை எப்படியடா இன்னும் பெரிசு என்கிறாய்? எந்தக் கம்பெனி ஏட்டில் இப்படி ஒரு சரிவு இருந்தாலும் கடையை மூடப் போகிறார்கள் என்றுதான் அர்த்தம்" என்றேன். ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டான். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

எனக்கு நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசை. பணம் ஏன் இப்படி விழுந்தது? பணம் போன பிறகும் ஆடுகிறவர்களுக்கு அந்தப் பட்டம் அதே பட்டம்தானா, அல்லது பழைய பெயரை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்களா? இன்னொரு சந்தேகமும் உண்டு. 2021-இல் ஜெயித்த அணி நடுவில் ஒரு சுற்றில் தோற்றிருக்கிறது. தோற்றவர்கள் எப்படிச் சாம்பியன் ஆனார்கள்?

கிண்டல் செய்ய வேண்டாம், தம்பி ஏற்கனவே வேண்டிய அளவு செய்துவிட்டான்.

---

பதில்: ஐந்தாம்நம்பர்

உங்கள் தம்பிக்குக் கோபம் வந்ததில் நியாயம் இருக்கிறது. உங்கள் எண்களிலும் தப்பில்லை. ஆனால் நீங்கள் எடுத்துப் பார்த்த ஏடு வேறொரு கடையுடையது.

என்னைப் பற்றி ஒரு வரி. ஆறு வருஷம் ஓர் அமெச்சூர் அணியில் ஐந்தாம் நம்பர் ஆடினேன், கேப்டனும் நான்தான். ஐந்தாம் நம்பர் என்றால் அணியில் கடைசி ஆள்: தன் காசில் மற்றவர்களுக்காக வார்டு, அதாவது எதிரி வருவதைக் காட்டும் காவல் கண், வாங்கி வைப்பவன், முதலில் சாகிறவன். பெரிய மேடை எதையும் பார்த்ததில்லை. ஓப்பன் குவாலிஃபையர் என்கிற தகுதிச் சுற்று மட்டும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்த 40 மில்லியன் டோட்டாவை நடத்துகிற வால்வ் கம்பெனியின் பையிலிருந்து வந்ததில்லை, விளம்பரதாரர் தந்ததும் இல்லை. முதல் டிஐ 2011-இல் ஜெர்மனியின் கொலோன் நகரில், கேம்ஸ்காம் கண்காட்சிக்குள் நடந்தது. 16 அணிகள், மொத்தம் 1.6 மில்லியன் டாலர், அதில் ஒரு மில்லியன் ஜெயித்த நாவி அணிக்கு. அந்தப் பணம் கம்பெனியுடையது. 2013-இல் கம்பெண்டியம் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். விளையாட்டுக்குள்ளேயே விற்கிற ஒரு டிஜிட்டல் புத்தகம். விற்பனையில் கால் பங்கு பரிசுத்தொகையோடு சேரும். அந்த வருஷம் தொகை 2.8 மில்லியனைத் தாண்டியது. அடுத்த வருஷம் 10.9. அதற்கடுத்து 18.4. புத்தகம் பிறகு பேட்டில் பாஸ் ஆனது. லெவல் ஏற ஏற உங்கள் ஹீரோவுக்கு, அதாவது நீங்கள் ஆடுகிற பாத்திரத்துக்கு, புது உடை, புதுக் கோடாரி, தலையில் நெருப்பு. 2019-இல் 34 மில்லியன், 2021-இல் 40.

நானும் வாங்கினேன். ஒவ்வொரு வருஷமும். 'வீரர்களுக்கு என் பங்களிப்பு' என்று என்னையே ஏமாற்றிக்கொண்டு வாங்கினேன். உண்மையில் எனக்கு அந்தக் கோடாரிதான் வேண்டியிருந்தது.

2023-இல் வால்வ் இதை நிறுத்தியது. ஆடுபவர்களில் பெரும்பாலோர் பேட்டில் பாஸ் வாங்குவதே இல்லை, வருஷத்தின் உழைப்பெல்லாம் அந்த ஒன்றுக்கே போகிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். கம்பெண்டியம் திரும்பி வந்தது, ஆனால் உடையும் கோடாரியும் பெயரளவுக்குத்தான். பரிசுத்தொகை 3.1 மில்லியனில் நின்றுவிட்டது. பார்க்கிற கூட்டம் கரைந்ததால் விழுந்த தொகை இல்லை இது. நீங்கள் கணக்குப் பார்த்தது கோப்பையை இல்லை, உடையும் கோடாரியும் விற்ற தொப்பிக் கடையை.

சரி, பட்டத்துக்கு வருவோம்.

உங்கள் பட்டியலிலேயே பெரிய எண் 2021. அந்தப் போட்டி முதலில் ஸ்டாக்ஹோமுக்குத் திட்டமிட்டது; ஒரு வருஷம் தள்ளிப்போய், ஊர் மாறி, ருமேனியாவின் புக்கரெஸ்டில் தேசிய மைதானத்தில் நடந்தது. டிக்கெட் விற்றார்கள். கோவிட் ஏறுகிறது என்று கடைசி நாட்களில் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதுவரை எந்த இ-ஸ்போர்ட்ஸ் போட்டியும் தராத தொகை, சாம்பியனுக்கு மட்டும் 18 மில்லியன், அரங்கில் ரசிகர் ஒருவர்கூட இல்லை. டீம் ஸ்பிரிட் பையன்கள் ஜெயித்து ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடிக்கிறார்கள், சுற்றிலும் காலி நாற்காலி. நான் அதைப் பார்த்தது அதிகாலையில், தனியாக, சத்தம் போடாமல். அந்தத் தொகை எனக்கு நினைவில் இல்லை, நீங்கள் எழுதியதும்தான் வந்தது. நினைவில் இருப்பது மேக்னஸ் என்கிற ஹீரோ.

விளக்கிச் சொல்கிறேன், இது உங்களுக்கும் பிடிக்கும். ஆட்டம் தொடங்கும் முன் இரண்டு கேப்டன்களும் மாறி மாறி ஹீரோக்களைத் தடை செய்வார்கள், தேர்ந்தெடுப்பார்கள். நூற்றிருபதுக்கும் மேற்பட்ட ஹீரோக்கள். ஒவ்வொரு முறைக்கும் அரை நிமிஷம்தான். அது போக, டிராஃப்ட் என்கிற இந்தத் தேர்வு மொத்தத்துக்கும் சேர்த்து 130 வினாடி கையிருப்பு நேரம். அது கரைவதைப் பார்த்துக்கொண்டே யோசிக்க வேண்டும். இறுதிப் போட்டி ஸ்பிரிட்டுக்கும் சீனாவின் பிஎஸ்ஜி.எல்ஜிடிக்கும். முதல் இரண்டு ஆட்டம் ஸ்பிரிட். அடுத்த இரண்டு எல்ஜிடி. ஐந்தாவது ஆட்டத்தின் டிராஃப்ட்டில் எல்ஜிடி மேக்னஸைத் தடை செய்யாமல் விட்டது. ஸ்பிரிட்டின் வீரன் கொலாப்ஸ் மேக்னஸ் எடுத்தால் என்ன ஆகும் என்று அந்தப் போட்டியைப் பார்த்த எல்லாருக்கும் தெரியும். ஐந்து பேரையும் ஒரே இடத்துக்கு இழுத்துக் கட்டிப்போடுகிற ஹீரோ. எடுத்தான். ஜெயித்தார்கள். எல்ஜிடி ஏன் விட்டது என்று இன்றைக்கும் சண்டை நடக்கிறது. முட்டாள்தனம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பவர்கள் டிராஃப்ட் அறையில் உட்கார்ந்ததில்லை.

நான் உட்கார்ந்திருக்கிறேன், சின்ன அறைதான் என்றாலும். ஓப்பன் குவாலிஃபையரில் யார் வேண்டுமானாலும் ஐந்து பேரோடு பெயர் கொடுக்கலாம். ஒரே ஆட்டம், தோற்றால் வெளியே. ஒரு வருஷம் மூன்றாவது சுற்று வரை போனோம். எதிரணியின் மிட், அதாவது நடுப்பாதை ஆள், ப்ரூட்மதர் என்கிற சிலந்தி ஹீரோவை ஆடினால் தோற்பதே இல்லை. என்னிடம் ஒரு நோட்டு உண்டு, எதிரணிக்கு ஒரு பக்கம். அவன் பக்கத்தில் ப்ரூட்மதரைச் சுற்றி சிவப்பு மையில் மூன்று வட்டம் போட்டிருந்தேன். கடைசித் தடை எங்களுடையது. எங்கள் மிட் சொன்னான்: "அதை விடுண்ணா, நான் பார்த்துக்கிறேன். எனிக்மாவைத் தூக்கு." ஓரப்பாதையில் ஆடுகிற ஆஃப்லேன் ஆளும் இன்னொரு ஹீரோவான அந்த எனிக்மாவையே சொன்னான். கையிருப்பு நேரத்தில் நான்கு வினாடி. நோட்டைப் பார்த்தேன், திரையைப் பார்த்தேன், எனிக்மாவை அழுத்தினேன். 22 நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. எங்கள் காடு முழுக்கச் சிலந்தி. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆக, எல்ஜிடி கேப்டனின் அந்த அரை நிமிஷம் எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியும். அந்த அரை நிமிஷத்துக்குள் 18 மில்லியன் இருந்தாலும் மூன்று மில்லியன் இருந்தாலும் நேரம் ஒரே வேகத்தில்தான் ஓடும்.

இன்னொன்று பாருங்கள். டிஐ ரசிகர்களிடம் எந்த இறுதிப் போட்டி உயர்த்தி என்று கேட்டால் பழைய ஆட்கள் பலர் 2013 என்பார்கள். சியாட்டிலில் ஒரு இசை அரங்கத்தில் நடந்தது. ஸ்வீடனின் அலையன்ஸ், எதிரில் நாவி. இரண்டுக்கு இரண்டு, ஐந்தாவது ஆட்டம். அலையன்ஸின் வீரன் புல்டாக் சண்டைக்கே வராமல் ஒரு மூலையில் நாவியின் கோபுரங்களை இடித்துக்கொண்டிருக்கிறான். தளத்தைக் காக்க, ஒரே தாவலில் அங்கே போய்ச் சேர, நாவி ஆட்கள் டெலிபோர்ட் போட்டு நிற்கிறார்கள். அது முடிய மூன்று வினாடி ஆகும். அதற்குள் அலையன்ஸ் வீரன் எஸ்4 ஆடிய பக் என்கிற ஹீரோ வந்து ட்ரீம் காயில் என்கிற மந்திரத்தைப் போடுகிறது. டெலிபோர்ட் அறுந்துபோகிறது. திரும்பிப் போக வழியில்லை. அங்கேயே பட்டம் முடிவாகிவிட்டது. அந்த வருஷம் பரிசுத்தொகை என்ன? 2.8 மில்லியன் சொச்சம். கிட்டத்தட்ட 2024-இன் தொகைதான்.

இன்னும் நேரான கணக்கு வேண்டுமென்றால் 2023-ஐ எடுங்கள். அந்த வருஷம் ரியாத் மாஸ்டர்ஸ் என்று சவுதியில் ஒரு போட்டி, 15 மில்லியன் டாலர். ஜெயித்தது டீம் ஸ்பிரிட், கிடைத்தது 5 மில்லியன். அதே அணி அதே வருஷம் சியாட்டிலில் டிஐ ஜெயித்தது. கிடைத்தது அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஸ்பிரிட்டை 'இரண்டு தடவை உலகச் சாம்பியன்' என்கிறார்கள் இல்லையா, அந்த இரண்டில் ரியாத் இல்லை. உங்கள் தம்பியிடம் கேட்டுப் பாருங்கள், ரியாத் இறுதிப் போட்டியில் ஒரு நகர்வையாவது சொல்லத் தெரிகிறதா என்று.

இதற்கு மேல் எழுதினால் தூக்கம் போய்விடும். பணம் குறைந்ததால் நிஜமாக அடி வாங்கியவர்கள் இருக்கிறார்கள், அவர்கள் சாம்பியன்கள் இல்லை. அதைப் பிறகு எழுதுகிறேன்.

---

பதில்: புகைக்குண்டு

டோட்டா ஆட்கள் பேச ஆரம்பித்தால் பேட்டில் பாஸ் மாதிரிதான், லெவல் ஏறிக்கொண்டே போகும்.

நான் கவுன்டர் ஸ்ட்ரைக் என்கிற துப்பாக்கிச் சண்டை விளையாட்டின் பக்கம். எங்களுக்கு இந்தப் பிரச்சினையே வந்ததில்லை, ஏனென்றால் எங்கள் பெரிய போட்டியான மேஜரில் அப்படிப்பட்ட தொகை இருந்ததே இல்லை. முதல் மேஜர் 2013-இல் ஸ்வீடனின் யான்ஷாப்பிங்கில், மொத்தமே இரண்டரை லட்சம் டாலர். எங்களிடமும் தொப்பிக் கடை உண்டு, ஆனால் அது பரிசுப் பெட்டிக்குப் போவதில்லை. அணிகளின் ஸ்டிக்கர், 2015 கொலோனிலிருந்து வீரர்களின் கையெழுத்து ஸ்டிக்கர். வருமானத்தில் பாதி, வந்த அணிகளுக்கும் வீரர்களுக்கும். முதல் நாளே தோற்று வீட்டுக்குப் போனவனின் கையெழுத்தும் யாரோ ஒருவருடைய துப்பாக்கியில் ஒட்டியிருக்கும். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். வரவுசெலவு அவர்களுக்கும் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

பட்டத்தின் மதிப்பு என்றால் எனக்கு 2018 பாஸ்டன்தான். இறுதிப் போட்டி, கிளவுட்9 அணியும் ஃபேஸ் அணியும். மூன்றாவது மேப் (ஆடுகளம்), இன்ஃபெர்னோ. அப்போதெல்லாம் 16 ரவுண்டு எடுத்தால் வெற்றி. ஃபேஸ் 15, கிளவுட்9 11. ஒரே ஒரு ரவுண்டு போதும், ஃபேஸ் சாம்பியன். அது கிடைக்கவில்லை. நான்கு ரவுண்டு வரிசையாகப் போய் 15-15. ஓவர்டைம். மறுபடியும் ஓவர்டைம். 22-19, கிளவுட்9. வட அமெரிக்க அணி ஒன்று மேஜர் ஜெயித்தது அதுதான் முதல் தடவை. நான் 15-11-இல் 'முடிந்தது' என்று பிரௌசர் ஜன்னலை மூடிவிட்டுப் படுத்தவன். காலையில் ஸ்கோரைப் பார்த்து இரண்டு முறை பக்கத்தைப் புதுப்பித்தேன். அதிலிருந்து எந்த மேட்சையும் பாதியில் மூடுவதில்லை.

அந்த ஐந்து பேர் சில மாதத்திலேயே பிரிந்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

---

பதில்: நடுவழி

ஐந்தாம்நம்பர் சொன்னதில் பாதிக்கு மேல் சரி. ஒன்றை விட்டுவிட்டார். 40 மில்லியன் நல்லதே இல்லை, அது போனது நல்லது என்று நினைக்கிற ஆள் நான்.

ஒரே போட்டியில் அவ்வளவு பணம் இருந்தால் மீதிப் பதினொரு மாதமும் அதற்கான ஒத்திகை ஆகிவிடும். டிஐ முடிந்த வாரமே அணிகள் கலையும். எல்லாரும் அடுத்த வருஷச் சீட்டைப் பார்த்துக் கூட்டாளி மாற்றுவார்கள். 2016-இல் சீனாவின் விங்ஸ் ஜெயித்தது, 20 மில்லியன் டாலர் போட்டி. என் பார்வையில் அவ்வளவு அழகாக, எந்த ஹீரோவை வேண்டுமானாலும் எடுத்து ஆடிய அணி வேறில்லை. அடுத்த வருஷம் பட்டத்தைக் காக்க அந்த அணியே இல்லை. கோப்பையில் பெயர் இருக்கிறது, ஆள் இல்லை.

2018-இல் டிஐ ஜெயித்த ஓஜி அணியின் கதை எல்லாருக்கும் தெரியும். போட்டிக்குச் சில மாதம் முன்னால் அணியின் இரண்டு பேர் வேறு அணிக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் கேப்டன் நோடெய்லின் பல வருஷ நண்பர். கோச்சாக இருந்த செப் ஆடுகளத்துக்கு வந்தார், ஆனா (ana) என்கிற பழைய வீரர் திரும்பி வந்தார், பெரிய மேடையையே பார்க்காத டாப்சன் என்கிற பையனைச் சேர்த்தார்கள், ஓப்பன் குவாலிஃபையரிலிருந்து ஏறி வந்து ஜெயித்தார்கள். எல்லாரும் அதைத் தேவதைக் கதை மாதிரிச் சொல்கிறார்கள். எனக்கு முதல் பாதிதான் உறைக்கிறது. நண்பனை விட்டுவிட்டுப் போகிற அளவுக்கு அந்தத் தொகை மனுஷனை இழுத்ததா, அல்லது பட்டமா? என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் என்கிற இன்னொரு விளையாட்டின் பக்கம் பாருங்கள். 2024 உலகப் போட்டியின் மொத்தப் பரிசு 2.225 மில்லியன் டாலர். கொரியாவின் நான்காவது அணியாகத் தட்டுத் தடுமாறி உள்ளே வந்த டி1, லண்டன் ஓ2 அரங்கில் ஐந்து ஆட்டம் ஆடி ஜெயித்தது. டி1-இன் வீரர் ஃபேக்கருக்கு அது ஐந்தாவது உலகப் பட்டம், முதல் பட்டம் 2013-இல் வாங்கியது. அடுத்த வருஷம் ஆறாவதும் வாங்கிவிட்டார். சீனாவைச் சேர்க்காமலே ஒரே நேரத்தில் 60 லட்சம் பேருக்கு மேல் பார்த்த இறுதிப் போட்டி. பரிசுத்தொகையை யாரும் பேசவே இல்லை. அவர்களுக்குச் சோறு போடுவது சம்பளமும் ஸ்பான்சரும்.

---

பதில்: வரவுசெலவு

நன்றி எல்லாருக்கும். தொப்பிக் கடை விஷயம் நன்றாகப் புரிந்தது. வருமான வழியைப் பார்க்காமல் வரவை மட்டும் பார்த்தது என் தொழிலுக்கே அவமானம், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு கேள்வி மிச்சம். தோற்ற அணி சாம்பியன் ஆன கதையை யாரும் சொல்லவில்லை. அப்புறம், "நிஜமாக அடி வாங்கியவர்கள்" யார்? ஐந்தாம்நம்பர் பாதியில் விட்டுப் போய்விட்டார்.

---

பதில்: ஐந்தாம்நம்பர்

வந்துவிட்டேன்.

தோற்றது பற்றி முதலில், அது சுலபம். பெரிய போட்டிகளில் மேல் வரிசை, கீழ் வரிசை என்று இரண்டு. மேலே தோற்றால் கீழே இறங்குவீர்கள், கீழே தோற்றால் வீடு. மேலே தொடங்குகிறவர்களுக்கு ஒரு தோல்வி மன்னிப்பு. 2021-இல் ஸ்பிரிட் மேல் வரிசையின் முதல் சுற்றிலேயே இன்விக்டஸ் கேமிங்கிடம் தோற்றுக் கீழே விழுந்தது. கீழே முதல் சுற்று ஒரே ஒரு ஆட்டம், எதிரில் ஃப்னாட்டிக். அந்த ஓர் ஆட்டம் போயிருந்தால் ஸ்பிரிட் என்கிற பெயரை நீங்கள் கேள்விப்பட்டிருக்கவே மாட்டீர்கள். தப்பித்தார்கள். அடுத்து வரிசையாக இரண்டு பட்டம் ஜெயித்த ஓஜி. அப்புறம் விர்டஸ்.ப்ரோ. அப்புறம் தங்களைக் கீழே தள்ளிய அதே இன்விக்டஸ். அப்புறம் டீம் சீக்ரெட். பிறகுதான் இறுதிப் போட்டி. மேலிருந்து வந்த அணிக்கு அங்கே ஓர் ஆட்டம் முன்னிலை எல்லாம் தருவதில்லை. ஐந்தில் மூன்று எடுத்தவர் சாம்பியன். எல்ஜிடி ரசிகர்கள் இதை அநியாயம் என்பார்கள். என்னைக் கேட்டால், கீழ் வழி நீளம். ஒவ்வொரு இரவும் சாவு கழுத்துக்கு வந்து திரும்புகிற வழி. அதில் வந்தவனுக்குத் தோல்விக் கணக்கு ஒன்று இருப்பதில் என்ன தப்பு?

இப்போது அடி வாங்கியவர்கள். நீங்கள் கணக்கர், இதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 2021-இல் 13-லிருந்து 16-வது இடம் வரை வந்த ஒவ்வொரு அணிக்கும் பரிசுத்தொகையில் 1.5 சதவீதம். 40 மில்லியனில் அது 6 லட்சம் டாலர். கடைசி இரண்டு இடத்துக்கே அணிக்கு ஒரு லட்சம். எந்தப் பட்டமும் வாங்கத் தேவையில்லை, உள்ளே வந்தாலே ஓர் அணி வருஷம் முழுக்க வண்டி ஓட்டலாம். அதே 1.5 சதவீதத்தை 3 மில்லியனுக்குப் போடுங்கள். 45 ஆயிரம். அதை ஐந்து வீரர்கள், கோச், மேனேஜர், அணி நிர்வாகம் எல்லாரும் பங்கு போட வேண்டும். பெரிய நிர்வாகம் பின்னால் இருக்கிற அணிக்குச் சம்பளம் வரும், பிரச்சினையில்லை. நிர்வாகம் இல்லாமல் ஐந்து நண்பர்களாக ஏறி வருகிற அணிக்கு முன்பு ஒரு லாட்டரிச் சீட்டு இருந்தது. இப்போது அது இல்லை.

நடுவழி, உங்கள் வாதத்தில் எனக்குச் சண்டை இங்கேதான். ஒத்திகை வருஷம் கெட்டது, சரி. ஆனால் நீங்கள் சொன்ன அதே ஓஜி மாதிரி, கையில் எதுவும் இல்லாமல் ஓப்பன் குவாலிஃபையரில் பெயர் கொடுக்கிறவன் அந்தச் சீட்டை நம்பித்தான் இன்னும் ஆறு மாதம் வேலைக்குப் போகாமல் ஆடிப் பார்த்தான். மேலே இருக்கிறவர்களுக்குக் கோப்பை போதும், பதினாறாவது இடத்துக்குப் போதாது.

சொந்தக் கதை ஒன்று. நாங்கள் ஒரே ஒரு முறை பணம் ஜெயித்தோம். ஒரு சின்ன ஆன்லைன் போட்டியில் இரண்டாவது இடம். தொகை உங்கள் பார்வைக்குச் சிரிப்பாக இருக்கும். எங்களுக்கு ஐந்து நல்ல மவுஸ் வரும், அவ்வளவுதான். நடத்தியவர்கள் 30 நாளில் அனுப்புகிறோம் என்றார்கள். 30 நாள் 90 ஆனது. நான் மாதம் ஒரு மெயில் போடுவேன், 'செயல்பாட்டில் உள்ளது' என்று ஒரே வரி பதில் வரும். எட்டாவது மாதம் அந்த மெயில் முகவரியே வேலை செய்யவில்லை. அதற்குள் எங்கள் கேரி, அதாவது அணியின் முக்கிய அடி ஆள், ஆடுவதை விட்டிருந்தான், மிட் வேறு அணிக்குப் போயிருந்தான். பதினோராவது மாதம் பாதித் தொகை வந்தது, ஒரு விளக்கமும் இல்லாமல். ஐந்தாகப் பிரித்து அனுப்பினேன். மிட் மட்டும் தன் பங்கைத் திருப்பி அனுப்பி, கூடவே ஒரு வரி எழுதியிருந்தான்: "ப்ரூட்மதருக்கு."

---

பதில்: புகைக்குண்டு

பணம் வராத கதை எங்கள் பக்கமும் வண்டி வண்டியாக உண்டு. அதற்குத் தனி இழை போட்டால் முடியவே முடியாது.

அந்த மிட் பையன் இப்போது எங்கே?

---

பதில்: ஐந்தாம்நம்பர்

ஆடுவதில்லை. ஓர் அணிக்கு அனலிஸ்டாக இருக்கிறான். எதிரணியின் பழைய ஆட்டங்களைப் பார்த்து, எதைத் தடை செய்ய வேண்டும் என்று கேப்டனுக்குக் குறிப்பு எழுதித் தருகிற வேலை. ஆமாம், நானும் சிரித்தேன்.

---

பதில்: வரவுசெலவு

நேற்று இரவு தம்பியிடம் போய் 2021 ஐந்தாவது ஆட்டத்தைப் போடு என்றேன். சந்தேகமாகப் பார்த்தான், போட்டான். ரியாத் பற்றியும் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "ஸ்பிரிட் ஜெயிச்சாங்க" என்றான். வேறு ஒன்றும் வரவில்லை.

டிராஃப்ட் ஓடும்போது இந்தமுறை நான் ஹீரோக்களின் முகத்தைப் பார்க்கவில்லை, அந்தக் கையிருப்பு வினாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்ஜிடியின் தடை முடிந்ததும் தம்பி திரையை நிறுத்தினான். "இப்ப சொல்லு, என்ன விட்டாங்க?" என்றான்.

மேக்னஸ் என்றேன்.

ஹெட்செட்டில் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "உனக்கு யார் சொன்னது?"